பிரசவப் பை: துணிமணிகளுக்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டியவை



இரவு இரண்டு மணிக்கு வலி வருகிறது. வீடே எழுந்துகொள்கிறது. ஒருவர் ஆட்டோவுக்கு ஓடுகிறார். ஒருவர் அலமாரியைத் திறந்து கையில் கிடைத்த துணிகளைப் பையில் திணிக்கிறார். மாமியார் பிளாஸ்க்கைத் தேடுகிறார். எல்லாரும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு செவிலியர் கேட்கும் முதல் கேள்வி, "ஃபைல் எங்கே? இரத்த வகை என்ன?" என்பதுதான். ஃபைல் வீட்டில் இருக்கிறது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்பது வலியில் துடிக்கும் அந்தப் பெண்ணுக்கு மட்டுமே தெரியும்.

நம் வீடுகள் பலவற்றில் நடக்கும் காட்சி இது. கடைசியில் அல்ஹம்துலில்லாஹ் என்று எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடுவதால், அடுத்த பிரசவத்துக்கும் நாம் இதே போலத்தான் கிளம்புகிறோம்.

"எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான், முன்கூட்டியே பை கட்டி வைப்பது எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. பை கட்டினால் கண் படும், குறைப் பிரசவம் ஆகிவிடும் என்ற அச்சமும் சில குடும்பங்களில் இருக்கிறது. இதற்கு மார்க்கத்தில் எந்த ஆதாரமும் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்க வேண்டும் என்றுதான் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். திர்மிதீயில் இடம்பெறும் இந்த ஹதீஸை வியாபாரத்துக்கும் பயணத்துக்கும் எடுத்துச் சொல்கிறோம். பிரசவத்துக்கும் அது பொருந்தும்.

மர்யம் (அலை) அவர்களின் பிரசவத்தைச் சூரா மர்யம் விவரிக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். துணைக்கு ஒருவரும் இல்லாமல், வலியோடு பேரீச்ச மரத்தின் அடியில் ஒதுங்கிய அவர்களுக்கு அல்லாஹ் முதலில் கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதலைக் கொடுத்தான். பிறகு காலடியில் தண்ணீரையும், உண்ணக் கனிந்த பேரீச்சம்பழத்தையும் கொடுத்தான். அந்தப் பழத்துக்காகவும் மரத்தை உலுக்கும்படி சொல்லப்பட்டது. ஆறுதல், தண்ணீர், உணவு, அதற்கான முயற்சி ஆகிய நான்கும் பிரசவிக்கப் போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தேவை. அவற்றை ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவளுடைய குடும்பத்துக்கு இருக்கிறது.

எப்போது தயாராக வேண்டும்?

37 வாரம் நிறைந்த பிறகு பிறக்கும் குழந்தையை நிறை மாதக் குழந்தை என்கிறார்கள். ஆகவே 34ஆவது வாரத்தில் ஆரம்பித்து, 36ஆவது வாரம் முடிவதற்குள் பை தயாராக இருக்க வேண்டும். இரட்டைக் குழந்தை, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, முந்தைய சிசேரியன் போன்றவை இருந்தால் இன்னும் இரண்டு மூன்று வாரம் முன்பாகவே தயார் செய்துவிடுங்கள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது நம் வழக்கம். ஏழாம் மாதத்தில் மருமகளை அனுப்பி வைக்கும்போது மருதாணியும் வளையலும் பலகாரமும் போகின்றன. ஸ்கேன் ரிப்போர்ட் கணவர் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. மருத்துவமனையும் மருத்துவரும் மாறுகிற நேரம் இது. புது மருத்துவருக்கு இந்தக் கர்ப்பத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அந்த ஃபைல் மட்டுமே அவருக்கு எல்லாவற்றையும் சொல்லும். ஆகவே பெண்ணோடு சேர்ந்து முதலில் போக வேண்டியது அந்த ஃபைல்தான்.

முதல் பை: காகிதங்கள்

துணி இல்லையென்றால் மருத்துவமனைக்கு எதிரில் உள்ள கடையில் வாங்கிக்கொள்ளலாம். காகிதத்தை வாங்க முடியாது. எனவே ஒரு ஜிப் ஃபைலில் இவற்றை அடுக்கி, பையின் மேல் அறையில் வையுங்கள்:

• தாய் சேய் நல அட்டை. தடுப்பூசி, எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் இதில்தான் பதிவாகியிருக்கும்.
• அனைத்து ஸ்கேன், இரத்தப் பரிசோதனை அறிக்கைகள். தேதி வரிசையில், கடைசியாக எடுத்தது மேலே இருக்க வேண்டும்.
• இரத்த வகைச் சான்று.
• ஒவ்வாமை உள்ள மருந்துகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எழுதிய ஒரு சீட்டு.
• முந்தைய பிரசவம் அல்லது அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதன் டிஸ்சார்ஜ் சம்மரி.
• கணவன், மனைவி இருவரின் ஆதார் நகல்கள், பெண்ணின் வங்கிக் கணக்குப் புத்தக நகல், காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும்.
• 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண். இதை நம் ஊரில் பிக்மி எண் என்கிறார்கள்.

கடைசியாகச் சொன்ன எண்ணைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். தமிழகத்தில் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்ய இந்த எண் கேட்கப்படுகிறது. தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களும் இதைப் பெற வேண்டும். பகுதி கிராம சுகாதார செவிலியரிடம், நகரமென்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்தால் எண் கிடைக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இந்தப் பதிவு அவசியம். இதுவரை எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். எல்லாக் காகிதங்களையும் செல்போனில் படம் எடுத்துக் கணவருக்கும் தாயாருக்கும் அனுப்பி வையுங்கள்.

பெயர் எழுத்துகளில் வரும் தொல்லை

ஃபைலில் இன்னொரு சிறு தாளும் இருக்க வேண்டும். அதில் தாய், தந்தை இருவரின் பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். பீவி, பேகம், பானு, பாத்திமா என்ற பின்பெயர் ஓர் ஆவணத்தில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒன்றில் இனிஷியல், மற்றொன்றில் தந்தையின் முழுப் பெயர். பிரசவம் நடந்த மறுநாள் மருத்துவமனை ஊழியர் படிவத்தோடு வருவார். கணவர் மருந்து வாங்கப் போயிருப்பார். வார்டில் இருக்கும் உறவினர் ஒருவர் தனக்குத் தெரிந்த எழுத்தில் சொல்லிவிடுவார். அது அப்படியே பிறப்புச் சான்றிதழில் ஏறிவிடும்.

இதில் முன்பைவிட இப்போது கூடுதல் கவனம் தேவை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் போன்றவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆவணம். தந்தை வெளிநாட்டில் வேலை பார்க்கும் குடும்பங்களில் குழந்தைக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் எடுக்கும்போது ஓர் எழுத்து மாறினாலும் அலைச்சல்தான். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குழந்தைக்குப் பெயர் முடிவாகவில்லை என்று பதற வேண்டாம். பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் கொடுப்பார்கள். பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். பிறந்த அன்றே பெயர் வைப்பதற்கும், ஏழாம் நாள் அகீகாவோடு வைப்பதற்கும் ஹதீஸ்களில் ஆதாரம் உண்டு. படிவத்தின் அவசரத்துக்காக ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்ற அலைவதைவிட, நல்ல பெயரை நிதானமாக யோசித்து வைப்பதே மேல்.

பையில் வைக்க முடியாதவை: நான்கு முடிவுகள்

முன்கூட்டியே எடுக்க வேண்டிய சில முடிவுகளும் உண்டு. பை கட்டும் அன்றே குடும்பம் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியவை இவை.

1. யார் சம்மதம் சொல்வது?

நம் குடும்பங்களில் கணவர் சவூதியிலோ துபாயிலோ இருப்பது சாதாரணம். "குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது, உடனே சிசேரியன் செய்ய வேண்டும்" என்று மருத்துவர் சொல்லும்போது, "மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்று போனை எடுக்கிறோம். அவர் வேலையில் இருப்பார். போன் எடுக்க மாட்டார். பெரியவர்கள் "இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே" என்பார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அந்தக் கொஞ்ச நேரம் மிகப் பெரியது.

சட்டப்படி, 18 வயது நிறைந்து சுயநினைவோடு இருக்கும் பெண்ணின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதமே அடிப்படை. உச்ச நீதிமன்றம் 2008இல் அளித்த ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவாகக் கூறியிருக்கிறது. மருத்துவமனைகள் வழக்கமாக உறவினர் கையெழுத்தையும் கேட்பதால், கணவர் ஊரில் இல்லையென்றால் யார் கையெழுத்திடுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களே, "அவசரமென்றால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், டாக்டர் சொல்வதைச் செய்யுங்கள்" என்று மனைவியிடமும், உங்கள் பெற்றோரிடமும், மனைவியின் பெற்றோரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். அனுப்பும் பணத்தைவிட இந்த ஒரு வார்த்தை அந்த இரவில் அதிகம் உதவும்.

2. இரத்தம் தேவைப்பட்டால் யார் வருவார்கள்?

பிரசவத்தில் தாயின் உயிருக்கு ஆபத்து வரும் காரணங்களில் முதன்மையானது அதிக இரத்தப்போக்கு. அது முன்னறிவிப்போடு வருவதில்லை. மனைவியின் இரத்த வகை தெரிந்த கையோடு, அதே வகை உள்ள இருவரின் பெயரையும் எண்ணையும் எழுதி ஃபைலில் வையுங்கள். கொடுப்பவர் 18 வயதுக்கு மேல், குறைந்தது 45 கிலோ எடை, போதிய ஹீமோகுளோபின் உள்ளவராக இருக்க வேண்டும். ஆணென்றால் கடைசியாக இரத்தம் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். இரத்த தானத்தில் நம் சமுதாய இளைஞர்கள் எப்போதும் முன்னால் நிற்கிறார்கள். மஹல்லா இளைஞர்களிடம் முன்பே சொல்லி வைத்தால் இரவிலும் வருவார்கள்.

தாயின் இரத்தம் நெகட்டிவ் வகை என்றால் ஃபைலின் முதல் பக்கத்தில் அதைப் பெரிதாக எழுதுங்கள். குழந்தை பாசிட்டிவ் வகையாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். தவறினால் அடுத்த குழந்தை பாதிக்கப்படலாம்.

3. எந்த வண்டியில் போவது?

இரண்டு ஏற்பாடு இருக்கட்டும். ஒன்று, இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய தெரிந்த ஓட்டுநர். இரண்டு, 108 ஆம்புலன்ஸ். அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் சிசேரியன் உட்பட சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, போக்குவரத்து ஆகியவை இலவசம். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இந்த உரிமையைத் தருகிறது.

4. பிரசவ அறையில் யார் துணை?

பல மருத்துவமனைகளில் ஒரு பெண் துணையை உள்ளே அனுமதிக்கிறார்கள். உறவில் மூத்தவர் என்பதற்காக ஒருவரை அனுப்பாதீர்கள். அமைதியானவரை, பிரசவிக்கும் பெண் யார் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருப்பேன் என்று சொல்கிறாரோ அவரை அனுப்புங்கள். தான் பட்ட கஷ்டத்தையெல்லாம் சொல்லிப் பயமுறுத்தும் உறவினர் வெளியில் இருந்து துஆ செய்யட்டும்.

தாயின் பை

சுகப்பிரசவத்தில் ஓரிரு நாளும், சிசேரியனில் அதைவிடக் கூடுதல் நாளும் தங்க வேண்டிவரும். அதற்கேற்ப:

• முன்பக்கம் ஜிப் அல்லது பட்டன் வைத்த தளர்வான பருத்தி நைட்டி நான்கு. பாலூட்ட வசதியானதாக இருக்க வேண்டும்.
• பாலூட்டும் உள்ளாடை இரண்டு மூன்று. அடர்நிறப் பருத்தி ஜட்டி ஆறு, வழக்கமான அளவைவிடப் பெரியது. சிசேரியனென்றால் தையல் மேல் பட்டி அழுத்தாதபடி இடுப்புக்கு மேலே வரும் வகை.
• பெரிய அளவு நாப்கின் இரண்டு பாக்கெட். முதல் சில நாள் இரத்தப்போக்கு மாதவிடாயைவிட அதிகமாக இருக்கும்.
• துண்டு, சோப்பு, பல்துலக்கி அல்லது மிஸ்வாக், சீப்பு, வழுக்காத செருப்பு, காலுறை.
• போர்வை, படுக்கை விரிப்பு, பக்கெட், மக். கழிப்பறையில் சுத்தம் செய்துகொள்ள மக் கட்டாயம் தேவை.
• பிளாஸ்க், டம்ளர், தட்டு, ஸ்பூன், தண்ணீர், பேரீச்சம்பழம்.
• செல்போன் சார்ஜர், சில்லறையோடு கொஞ்சம் ரொக்கம்.
• வழக்கமாகச் சாப்பிடும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள்.

வலி வந்த பிறகு எதைச் சாப்பிடலாம், எவ்வளவு குடிக்கலாம் என்பதைச் செவிலியரிடம் கேட்டுச் செய்யுங்கள். சிசேரியன் வாய்ப்பு இருந்தால் எதுவும் தர வேண்டாம் என்பார்கள். பேரீச்சம்பழம் சுன்னத்தான உணவென்று அப்போது வற்புறுத்திக் கொடுப்பது ஆபத்து. பிரசவத்துக்குப் பின்னர் நிலைமை வேறு. தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், காய்கறி ஆகாது என்று பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடுவதும் தவறு. பாலூட்டும் தாய்க்குத் தண்ணீரும் சத்தான உணவும் வழக்கத்தைவிட அதிகமாகத் தேவை.

நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கருகமணி, வளையல், தோடு, மோதிரம், ஹிஜாபில் குத்தும் ஊசி எதுவும் அறுவை அரங்கில் அனுமதிக்கப்படாது; அவசரத்தில் தொலைந்தும் போகும். விரல் நுனியில் விரல் கிளிப் மாட்டித்தான் இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைப் பார்க்கிறார்கள். நகப்பூச்சும் நுனிவிரலில் அடர்த்தியான மருதாணியும் அதற்கு இடைஞ்சலாகலாம். கடைசி மாதத்தில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

பர்தாவும் தொழுகையும்

முழுக்கை நைட்டி ஒன்று, தலையையும் மார்பையும் மறைக்கும் ஊசி தேவைப்படாத மக்கனா இரண்டு, பாலூட்டும்போது போர்த்த ஒரு பெரிய துப்பட்டா ஆகியவற்றைப் பையில் வையுங்கள். பெண் மருத்துவர்தான் வேண்டும், ஆண் ஊழியர்கள் வரும்போது முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பவற்றைக் கடைசி மாதப் பரிசோதனையின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அமைதியாகக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துழைக்கிறார்கள். ஆனால் அவசர நேரத்தில் மயக்க மருந்து கொடுப்பவரோ அறுவை செய்பவரோ ஆணாக இருந்தால், அதற்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது. நிர்ப்பந்தமான நிலையில் மார்க்கம் இதை அனுமதிக்கிறது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

நிஃபாஸ் இரத்தம் தொடங்காத வரை வெறும் வலி இருப்பதால் தொழுகைக் கடமை நீங்காது. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் சைகையால் தொழலாம். பனிக்குடம் உடைந்த பின் உளூ, தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவது போன்ற விஷயங்களில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால், உங்கள் ஊர் ஆலிமிடம் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு நிஃபாஸ் காலத்தில் தொழுகை இல்லை. அவற்றைக் களாச் செய்ய வேண்டியதும் இல்லை. இதன் அதிகபட்சக் காலம் ஹனஃபி மத்ஹபில் 40 நாள், ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். இரத்தம் அதற்கு முன்பே நின்றுவிட்டால் குளித்துவிட்டுத் தொழத் தொடங்க வேண்டும். 40 நாள் முடியட்டும் என்று காத்திருப்பது நம்மிடம் பரவலாக உள்ள தவறு. சிசேரியனுக்கும் இதே சட்டம்தான். தையலில் தண்ணீர் படலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திக்ருக்கும் துஆவுக்கும் எந்த நேரத்திலும் தடையில்லை. நீண்ட துஆக்களை மனப்பாடம் செய்யவில்லையே என்று வருந்த வேண்டாம். தெரிந்த மொழியில், வலியோடு கேட்பதையும் அல்லாஹ் கேட்கிறான்.

குழந்தையின் பை

• துவைத்து வெயிலில் காயவைத்த, முன்பக்கம் கட்டும் மெல்லிய பருத்திச் சட்டை ஆறு.
• தொப்பி, காலுறை, கையுறை இரண்டிரண்டு ஜோடி.
• துவைத்துப் பழகிய மென்மையான வேட்டித் துணி பத்துப் பன்னிரண்டு. துணி நாப்கின் அல்லது புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கான டயபர்.
• குழந்தையைத் துடைத்து ஏந்திக்கொள்ள இரண்டு சுத்தமான துண்டு, ஒரு மெல்லிய போர்வை.
• துடைக்கப் பஞ்சு. வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சுமே போதும்.
• ஒரு பாலாடை. குழந்தை எடை குறைவாகவோ தனிப் பிரிவிலோ இருந்தால், தாய்ப்பாலைப் பீய்ச்சி இதில் புகட்டச் சொல்வார்கள். கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்த பிறகே பயன்படுத்துங்கள்.

பையில் வைக்கக் கூடாதவை பற்றியும் சொல்ல வேண்டும். தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், வசம்பு, உரை மருந்து, பால் புட்டி, பால் மாவு டின், கண்மை, பவுடர் எதுவும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரவல்லது.

"அப்படியானால் தஹ்னீக் சுன்னத் இல்லையா?" என்று கேட்பீர்கள். ஹதீஸ்களில் உள்ளதுதான். அஸ்மா (ரலி) அவர்கள் குபாவில் பிரசவித்த அப்துல்லாஹ் இப்னு ஸுபைருக்கும், அபூமூஸா (ரலி) அவர்களின் மகன் இப்ராஹீமுக்கும் நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தால் தஹ்னீக் செய்தார்கள். அது விரும்பத்தக்க செயல். கட்டாயக் கடமை அல்ல. செய்ய விரும்புபவர்கள் குழந்தை நல மருத்துவரிடம் கேட்டு, அவர் அனுமதித்தால், குழந்தை நலமாக இருக்கும் நிலையில், சளி, இருமல், வாய்ப்புண் இல்லாத ஒருவர் கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டு, மசித்த பழத்தின் ஈரம் மட்டும் மேலண்ணத்தில் படுமாறு தடவலாம். விழுங்கும் அளவுக்குக் கொடுக்கக் கூடாது. தேனும் சீனித் தண்ணீரும் வேண்டாம். மருத்துவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வருகிற ஒவ்வொரு பெரியவரும் ஆளுக்கொரு முறை வாயில் வைப்பது சுன்னத் அல்ல.

காதில் பாங்கு சொல்லும் வழக்கத்துக்காகவும் அவசரப்படுத்த வேண்டாம். பிறந்த குழந்தையை உடனே துடைத்துத் தாயின் நெஞ்சின் மேல் போடுவது, அதன் உடல் சூட்டைக் காப்பதற்காக. அங்கிருந்து பறித்து வெளியே கொண்டுவரச் சொல்லாதீர்கள். சிறிது நேரம் கழித்து மெல்லிய குரலில் சொல்லிக்கொள்ளலாம். முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டவும் வேண்டாம். அந்த முதல் நாளிலேயே பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, வைட்டமின் கே ஊசி ஆகியவை போடப்பட்டனவா என்று கேட்டு அட்டையில் பதிந்து வாங்குங்கள்.

பையை விட்டுவிட்டு ஓட வேண்டிய நேரம்

தலைப்பிரசவத்தில் வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சீராக வரத் தொடங்கினால் கிளம்பலாம். இரண்டாவது பிரசவத்தில் இன்னும் முன்னதாகவே கிளம்ப வேண்டும். ஆனால் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது:

• இரத்தப்போக்கு
• பனிக்குடம் உடைவது, குறிப்பாக நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால்
• குழந்தையின் அசைவு குறைவது அல்லது நிற்பது
• கடுமையான தலைவலி, பார்வை மங்கல், முகமும் கையும் வீங்குவது, வலிப்பு
• கடுமையான காய்ச்சல், அல்லது விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து இருக்கும் வயிற்று வலி

ஃபைலை மட்டும் கையில் எடுங்கள். மற்றதைப் பிறகு யாராவது கொண்டுவரட்டும்.

நிறைவாக

பை தயாரானதும் அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் குறைந்தது மூன்று பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பெண்ணின் வேலையாக மட்டும் விட்டுவிடாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தார்கள் என்பதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒரு மாலை நேரம் மனைவியோடு உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்துப் பாருங்கள். அடுக்கும்போதே அவர் மனதில் இருக்கும் பயங்களும் வெளியே வரும். "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்று கேட்கலாம். சிரித்து ஒதுக்காமல் கேளுங்கள். கணவர் வெளிநாட்டில் இருந்தால் வீடியோ அழைப்பில் உட்காரலாம். தாயாரோ மாமியாரோ கூட இருக்கலாம்.

பலவீனத்துக்கு மேல் பலவீனத்தைத் தாங்கித் தாய் சுமக்கிறாள் என்று அல்லாஹ் தன் வேதத்தில் எடுத்துச் சொல்கிறான். அந்தச் சுமையை நம்மால் வாங்கிக்கொள்ள முடியாது. அவள் வலியோடு இருக்கும் நேரத்தில் "ஃபைல் எங்கே?" என்று அவளிடம் கேட்காமல் இருக்க முடியும்.

பிரசவத்தை எதிர்நோக்கியிருக்கும் சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் அதை எளிதாக்குவானாக! தாயையும் சேயையும் நலமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.